நங்கூரம் மெலிந்த வருசம்

ஆரையம்பதியில் வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் கேதீஸ்வரியின் வீட்டைத் தேடி வருகிறவர்கள் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "நங்கூரத்தின் வீடு எது?" என்றால் போதும், யாரும் கை காட்டுவார்கள். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில், பெண்களுக்கான கயிறு இழுத்தலில் வாவிக்கரை மாதர் சங்கம் வருசா வருசம் வென்று வந்ததற்கு அவள்தான் காரணம். கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிக்காலை மணலில் ஊன்றி, பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவாள். எதிர்ப்பக்கத்தில் எத்தனை பேர் மூச்சுப் பிடித்து இழுத்தாலும் அசைய மாட்டாள். அவர்கள் இழுத்துக் களைக்கும்வரை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சாய்ந்திருப்பாள். பிறகு சங்கத் தலைவி கண்ணகை "இப்ப!" என்று ஒரு சத்தம் போடுவாள். அதோடு கதை முடிந்தது.

அந்தப் பட்டப்பெயரில் கேதீஸ்வரிக்கு உள்ளூரப் பெருமைதான். பள்ளிக்கூடத்தில் எந்த உடம்பைக் காட்டிச் சிரித்தார்களோ, அதே உடம்புக்கு இங்கே கைதட்டல் கிடைத்தது. அந்த உடம்பின் அருமையை முதலில் கண்டுபிடித்தவளும் கண்ணகைதான். கண்ணகை அவளுடைய கணவன் ஜெயரூபனின் அக்கா. கலியாணத்தன்று புது மச்சாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி நல்ல பொம்பிளையாத்தான் எடுத்திரிக்கான்" என்று மெச்சினாள். அழகைச் சொல்கிறாளா, குணத்தைச் சொல்கிறாளா என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, அவளுடைய கண் கேதீஸ்வரியின் இடுப்பில் கயிறு எத்தனை சுற்று வரும் என்று அளந்துகொண்டிருந்தது.

இந்த வருசம் தைப்பொங்கல் கழிந்த கையோடு கேதீஸ்வரிக்குக் காலில் எறும்பு ஊருவதுபோல ஒரு விறைப்பு. அவளுக்குத் தொழில் தையல். காத்தான்குடிக் கடைகளுக்கு அபாயா தைத்துக் கொடுப்பாள். மெசினுக்கு மோட்டார் பூட்டிய பிறகு கால்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. காலையில் கதிரையில் இருந்தால் மத்தியானம் பசிக்கும்போதுதான் எழும்புவாள். அதுவரைக்கும் பசிக்காமல் இருப்பதற்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பயற்றம்பணியாரம் இருக்கும். இருந்து இருந்து விறைத்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். விறைப்பு விடாததால் ஆசுபத்திரிக்குப் போனாள். இளவயதுப் பெண் டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சீனி எல்லையில நிக்குது. இப்பவே சாப்பாட்டக் குறைச்சு, நடந்து, உடம்பக் குறைச்சீங்களெண்டா குளிசை இல்லாமலே சமாளிக்கலாம். இல்லாட்டி ஆயுசுக்கும் குளிசைதான்."

"சித்திரை கழிய மெலிஞ்சா காணாதா டொக்டர்?"

"சித்திரைக்கு என்ன?"

"கயிறு இழுக்கிற இரிக்கி."

டொக்டர் வெளியூர்ப் பிள்ளை. அவளுக்கு இது விளங்கவில்லை. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருக்க வேண்டும். "அதெல்லாம் சாமி கோவிக்காது. இண்டைக்கே தொடங்குங்க. சித்திரை கழிய வந்து திரும்ப ரத்தம் பாருங்க" என்று அனுப்பிவிட்டாள்.

கேதீஸ்வரி வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். அவளுடைய அம்மா கடைசிக் காலத்தை இந்த வருத்தத்தோடுதான் கழித்தாள். ஒரு பெருவிரலை வெட்டி எடுத்ததில் தொடங்கியது முழங்காலில் போய் நின்றது. அம்மா கிடந்த கட்டில் ஞாபகத்துக்கு வந்ததும் கயிறு, கப், கைதட்டல் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டன. மெலிவதென்று அங்கேயே முடிவு செய்தாள். ஆனால் வருத்தத்தைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தாள். முக்கியமாகக் கண்ணகையிடம். கண்ணகை வாவி மீன் வாங்கிச் சந்தையில் விற்கிறவள். அவளுக்கு ஒன்று தெரிந்தால், மத்தியானத்துக்குள் அது மீனோடு சேர்ந்து வீட்டுக்கு வீடு போய்விடும்.

கணவனிடம் மட்டும் சொன்னாள். ஜெயரூபன் சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருந்தான். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. கலியாணப் படத்தில் அவனைக் கண்டுபிடிக்கப் புதிய ஆட்கள் சிரமப்படுவார்கள். செய்தியைக் கேட்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ தனியக் கஷ்டப்பட வேணாம் கேதீஸ். நீ என்ன தின்னுறியோ அதைத்தான் நானும் தின்னுவன்."

அந்தச் சபதம் இரவுச் சாப்பாடுவரைக்கும் நிலைத்தது. தட்டில் குரக்கன் பிட்டும் பொன்னாங்காணிச் சுண்டலும் வந்தன. அவன் பிட்டை விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தான்.

"என்ன தேடுறீங்க?"

"இல்ல... இதுக்குள்ள எங்கயாவது ஒரு இறால் விழுந்திரிக்குமோ எண்டு."

வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கும் மகள் நிருஷா, விடுதிச் சாப்பாட்டில் நாக்குச் செத்து, சனிக்கிழமை வீட்டுக்கு ஓடி வந்தாள். குசினிக்குள் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்த்தவள், வெளியே வந்து, "அம்மா, திங்கக்கிழமைவரைக்கும் நிக்கோணுமா?" என்று கேட்டாள்.

நடக்கிறது வாவிக் கரையோரம். உடற்பயிற்சி றிஸ்லாவிடம். றிஸ்லா காத்தான்குடிக்காரி, கேதீஸ்வரிக்குத் தையல் வேலை கொடுக்கிறவள். கணவனோடு கட்டாரில் இருந்த காலத்தில் பயிற்சி ஒன்று படித்து வந்து, வீட்டு மேல்மாடியில் திரைச்சீலை போட்டுப் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடத்தினாள். முதல் நாள் குந்தி எழும்பச் சொன்னாள். கேதீஸ்வரி குந்தினாள். எழும்புகிற பகுதி வரவில்லை.

"அப்பிடியே இரிங்க அக்கா, மத்தாக்கள் முடிக்கட்டும்" என்றாள் றிஸ்லா பெருந்தன்மையோடு.

ஆனால் கேதீஸ்வரி பிடிவாதக்காரி. கயிற்றைப் பிடித்துப் பழகியவளுக்குப் பிடித்ததை விடத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குந்தவும் எழும்பவும் வந்தது. மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். விறைப்பும் குறைந்தது. ஒருநாள் வாவிக் கரையில் நடக்கும்போது தனக்கு மூச்சு வாங்கவில்லை என்பதைக் கவனித்து, சரியாகத்தான் நடக்கிறோமா என்று சந்தேகப்பட்டு இன்னும் வேகமாக நடந்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக மெசினில் வைத்து உள்ளே பிடித்துத் தைத்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது.

சிவராத்திரிக்குக் கோயிலில் கண்ணகையின் கையில் அகப்பட்டாள். கண்ணகை பின்னாலிருந்து வந்து அவளுடைய மேற்கையைப் பிடித்தாள். பிடித்த கை திடுக்கிட்டது.

"இஞ்ச வாகா. கையத் தூக்கு."

"என்ன மச்சாள், சாமிக்கு முன்னால..."

"தூக்கு எண்டுறன்." நுள்ளிப் பார்த்தாள். மற்றக் கையையும் நுள்ளிப் பார்த்தாள். "இஞ்ச இருந்தது எங்க போச்சு?"

"எது?"

"எதுவா? சித்திரைக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு? கடற்கரைப் பக்கத்துக்காரியள் இந்த முறை புதுசா ரெண்டு தடிச்சியளச் சேத்திரிக்காளுகளாம். இந்த நேரம் பாத்து நீ காத்துப்போன டயர் மாதிரி வந்து நிக்கிறாய்!"

"தையல் வேலை கூடிப்போச்சு மச்சாள். அதான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் கேதீஸ்வரி கூட்டத்துக்குள் புகுந்து தப்பினாள்.

அன்றைக்கே கோயில் வீதியில் சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. கேதீஸ்வரி அதற்கு அழைக்கப்படவில்லை. மறுநாளிலிருந்து சாப்பாடு வரத் தொடங்கியது.

முதலில் கண்ணகை வீட்டிலிருந்து வாவி நண்டுக் குழம்பு வந்தது. சட்டி மூடியைத் திறக்கும் முன்னரே ஒழுங்கை முழுக்க மணத்தது. அடுத்த நாள் சங்கச் செயலாளர் ஒரு சட்டி எருமைத் தயிரும் போத்தல் நிறைய இனிப்புப் பாணியும் கொண்டுவந்து, "மாமி வீட்டில மாடு நல்லாக் கறக்குது" என்று காரணம் சொன்னாள். பொருளாளர் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் கொண்டுவந்தாள். இறால் வடை கொண்டுவந்த ஒருத்தி, கோயில் பிரசாதம் என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு யோசித்து முழித்தாள். செயலாளரின் மகனுக்கு மாசியில் ஒரு பிறந்தநாளும் பங்குனியில் இன்னொரு பிறந்தநாளும் வந்தது. இரண்டுக்கும் கேக் வந்தது.

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கொட்டுவதற்கு மனம் வராது. நண்டுச் சட்டியைக் குசினியில் வைத்துவிட்டு, கேதீஸ்வரி தையல் மெசினை முன்விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போய் இருந்தாள். வாசம் அங்கேயும் வந்தது. ஒருநாள் மனம் கேட்காமல் ஒரேயொரு நண்டுக் காலை எடுத்து நன்றாக உறிஞ்சிவிட்டு, அந்தப் பாவத்துக்காக வெயிலோடு வெயிலாக வாவிக் கரைக்குப் போய் நடந்துவிட்டு வந்தாள்.

கடைசியில் வழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஜெயரூபனைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இதெல்லாம் நீங்கதான் முடிக்கோணும். ஆனா ஒருத்தருக்கும் வாய் திறக்கப்படாது."

"வாயத் திறக்காம எப்பிடித் தின்னுற?" என்று கேட்டுக்கொண்டே அவன் நண்டை உடைக்கத் தொடங்கிவிட்டான்.

அன்றிலிருந்து அவன் மனைவியின் உடல்நலத்துக்காக ஓயாமல் உழைத்தான். மத்தியானம் கராஜைப் பூட்டிவிட்டு வந்தான். பின்னேரம் "ஏதும் வந்ததா?" என்று போன் எடுத்தான். சட்டிகள் துடைத்துக் கழுவியபடி திரும்பிப் போயின. கண்ணகைக்கு முதல் கிழமை சந்தோசம். இரண்டாம் கிழமை குழப்பம். சட்டிகள் வெறுமையாக வருகின்றன, மச்சாளோ இன்னும் மெலிகிறாள். இதற்கு ஒரே விளக்கம்தான் இருக்க முடியும் என்று தீர்மானித்து, மூன்றாம் கிழமை நண்டோடு சேர்த்துப் பூச்சி மருந்தும் கொண்டுவந்தாள்.

"வெட்கப்படாதகா. வயித்தில கொக்கிப்புழு இருந்தா இப்பிடித்தான். தின்னுறதெல்லாம் அதுதான் தின்னும்."

கேதீஸ்வரி முகத்தை எவ்வளவு இறுக்கி வைத்துக்கொண்டும் உதடு ஓரம் துடித்தது. அந்தக் கொக்கிப்புழு அப்போது குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, இன்றைக்கு என்ன கறி என்று மணம் பிடித்துக்கொண்டிருந்தது.

பூச்சி மருந்தும் பலிக்கவில்லை. கண்ணகை செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழித்தாள். அடுப்பில் போட்ட மிளகாய் வெடித்து எல்லோருக்கும் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

இப்படியே சித்திரைவரைக்கும் ஓட்டியிருக்கலாம். ஆனால் ஒருநாள் கண்ணகையின் ஸ்கூட்டர் மீன் பெட்டியோடு சந்தியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போனாள். உயரத்தில் நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கீழே யாரோ மல்லாக்கப் படுத்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. மேலே ஏறிய சேர்ட்டுக்குக் கீழே மாவு பிசைந்து வைத்ததுபோல ஒரு வயிறு மட்டும் வெளியே தெரிந்தது. தம்பி வேலைக்குப் புதிய ஆள் வைத்திருக்கிறான் என்று கண்ணகை நினைத்தாள்.

"தம்பி எங்ககா?" என்று அந்த வயிற்றிடம் கேட்டாள்.

"இஞ்சதான் அக்கா" என்றது வயிறு.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை முழுக்க அவளுடைய சத்தம் கேட்டது. கேதீஸ்வரி மெசினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். கண்ணகை முன்னால் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கையில் ஸ்பானரோடு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன் மாதிரி ஜெயரூபன் வந்தான்.

"என்ட நண்டு!" என்றாள் கண்ணகை வாசலில் நின்று. "சிவப்பு முட்டையோட கிடந்த நண்டெல்லாம் விக்காம எடுத்து வச்சு, உனக்கெண்டு ஆக்கி அனுப்பினா, இந்த ஈர்க்கில் தின்னு வளந்திரிக்கான்! நீ எங்கள ஏமாத்திப்போட்டாய் கேதீஸ். மெலியிறதெண்டா சித்திரை கழிஞ்சு மெலியன். ஆர் உன்னைத் தடுத்த?"

இத்தனை நாளும் சிரிப்பாக இருந்தது இப்போது கேதீஸ்வரிக்குச் சிரிப்பாக இல்லை.

"மச்சாள், இவ்வளவு நாளும் என்ட வீட்டுக்கு வந்த சாப்பாடு எல்லாம் கயிறுக்குத்தானே வந்தது? ஒருத்தராவது 'உனக்கு என்னகா, சுகமில்லையா?' எண்டு கேட்டீங்களா?"

"நான் பூச்சி மருந்து தந்தன்தானே" என்றாள் கண்ணகை, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து.

"எனக்குப் பூச்சி இல்ல. சீனி."

ஜெயரூபன் ஸ்பானரை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினான். டொக்டர் சொன்னது, அம்மாவின் கால், காலையில் நடக்கும் நடை, றிஸ்லாவின் மேல்மாடி எல்லாவற்றையும் கேதீஸ்வரி சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதுவிடுவோம் என்று பயந்தாள். அழவில்லை. கண்ணகைதான் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எனக்கு ஏன் சொல்லயில்ல?"

"உங்களுக்குச் சொன்னா சந்தைக்குச் சொன்ன மாதிரி."

கண்ணகை அதற்குக் கோபப்பட வாயெடுத்து, நியாயம் என்று பட்டதால் மூடிக்கொண்டாள். கதிரையை இழுத்து இருந்தாள். கேதீஸ்வரி பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதில சீனி இல்ல" என்றாள் கண்ணகை.

"இல்ல."

"எனக்கும் கால் விறைக்கிறதான். பயத்தில நான் பாக்கப் போகயில்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மிச்சத்தையும் மருந்து குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்தாள்.

நல்லெண்ணம் எல்லாம் அந்தக் கோப்பை தேத்தண்ணி முடியும்வரைக்கும்தான். கோப்பையைக் கீழே வைத்தபோது கண்ணகையின் முகத்தில் பழைய கள்ளத்தனம் திரும்பியிருந்தது.

"சரி. நீ மெலிஞ்சது நல்லம். ஆனா அது கடற்கரைக்காரியளுக்குத் தெரிய வேணுமெண்டு இல்லையே? அவளுகள் உன்னைக் கண்டாத்தான் கை நடுங்குவாளுகள். நடுங்கட்டும். விழாவரைக்கும் நீ அந்தப் பக்கம் தலை காட்டாத. மிச்சத்த நான் பாக்கன்."

மிச்சம் என்பது ஒரு பெட்சீட். கண்ணகையின் மகளுக்குக் கலியாணப் பரிசாக வந்த, பெரிய மயில் ஒன்று தோகை விரித்துக்கொண்டு நிற்கும் இரட்டைக் கட்டில் பெட்சீட். அதை மடித்து இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே சங்கத்தின் பழைய டீ-சேர்ட்டைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தியபோது, பழைய கேதீஸ்வரி முழுசாகத் திரும்பி வந்து நின்றாள். அவளுக்கே ஒரு கணம் பயமாக இருந்தது. பிறகு இருவரும் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இடையில் கண்ணகை "அப்பிடி என்னதான் செய்யிறாய் எண்டு பாக்கன்" என்று றிஸ்லாவின் வகுப்புக்கும் வந்தாள். குந்தினாள். எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து மற்றவர்களுக்கு உத்தரவு போட்டாள். அடுத்த நாளும் வந்தாள்.

விழா நாளில் மைதானம் நிறைந்து வழிந்தது. வழுக்குமரத்தில் ஏறியவர்கள் எண்ணெயோடு இறங்கி, முட்டிப்பானை உடைப்பதும் முடிந்த பிறகு, நடுவர் நல்லரத்தினம் மாஸ்டர் ஒலிபெருக்கியில் பெண்களுக்கான கயிறு இழுத்தலை அறிவித்தார். மூன்று முறையில் இரண்டு முறை இழுத்தவர்களுக்கு வெற்றி. கேதீஸ்வரி அசைந்து அசைந்து நடந்து வந்து கயிற்றின் கடைசியில் நின்றாள். சித்திரை வெயிலில் மயில் உள்ளே வேகவைத்தது. எதிர்ப்பக்கத்துப் புதிய பெண்கள் இருவரும் அவளைப் பார்த்து எச்சில் விழுங்குவது தெரிந்தது.

முதல் முறை கண்ணகை கணக்குப் போட்டபடியே முடிந்தது. அவர்கள் தோற்பதற்கு ஆயத்தமாகவே வந்து இழுத்தார்கள், தோற்றார்கள்.

இரண்டாம் முறை விசில் ஊதியது. கயிறு விறைத்தது. கேதீஸ்வரி காலை மாற்றி ஊன்றினாள். அப்போது இடுப்புக்குள் ஏதோ இளகுவதை உணர்ந்தாள். குனிந்து பார்க்க முடியாது. டீ-சேர்ட்டுக்குக் கீழே முதலில் ஒரு மஞ்சள் கரை எட்டிப் பார்த்தது. பிறகு மயிலின் கால். பிறகு தோகை, காற்றில் விரிந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, மணலில் இழுபட்டது.

"ஐயோ, நங்கூரத்துக்கு வால் முளைக்குது!" என்று கூட்டத்தில் ஒருத்தர் கத்தினார்.

எதிர்ப்பக்கம் சிரித்திருந்தால் வெற்றி இவர்களுக்குத்தான். ஆனால் இவர்களுக்குப் பின்னால் மணலில் இழுபடுவது என்னவென்று விளங்காமல் அவர்கள் முழித்தார்கள். திரும்பிப் பார்த்தவள், கயிற்றின் முன்முனையில் இழுத்துக்கொண்டிருந்த கண்ணகை. தன்னுடைய மயிலைக் கண்டதும் அவளுக்கு வந்த சிரிப்பை அவளாலேயே அடக்க முடியவில்லை. கையில் பலம் போய், முழங்காலில் விழுந்தாள். அவள்மேல் செயலாளர் விழுந்தாள். செயலாளர்மேல் பொருளாளர். கேதீஸ்வரியும் சிரித்துக்கொண்டே, மயிலோடு சேர்ந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுபட்டுப் போனாள். முன்வரிசையில் நின்ற நிருஷா எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடற்கரைப் பக்கத்துத் தலைவி நடுவரிடம் பாய்ந்து போனாள். இது களவு, போட்டியிலிருந்து விலக்க வேண்டும் என்றாள். நல்லரத்தினம் மாஸ்டர் தொண்டையைச் செருமி, ஒலிபெருக்கியில், "ஆடை விதிகளில் பெட்சீட்டைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. ஆனாலும் மூன்றாம் முறைக்கு அது மைதானத்துக்கு வெளியில் இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாம் முறைக்குக் கேதீஸ்வரி இருக்கிறபடியே போய் நின்றாள். டீ-சேர்ட் அவள்மீது கொடியில் காய்வதுபோல் தொங்கியது. கூட்டம் ஒரு மாதிரி முணுமுணுத்தது. இத்தனை வருசமும் அவள் நின்றால் எதிர்ப்பக்கம்தான் பயப்படும். இப்போது அவர்கள் சிரித்துக்கொண்டு கையில் மண்ணைத் தேய்த்தார்கள். அவள் குதிக்காலை மணலில் ஊன்றினாள். விசில் ஊதியது.

சாய்ந்திருந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. தொடை இழுத்தது, கெண்டைக்கால் இழுத்தது, முதுகு இழுத்தது. றிஸ்லா மேல்மாடியில் கத்தும் "இன்னும் ஒண்டு அக்கா, இன்னும் ஒண்டு" காதுக்குள் கேட்டது. கயிறு நடுவில் நின்று நடுங்கியது. சிரித்த முகங்களில் சிரிப்பு நின்றது. அவளுடைய வாழ்க்கையில் முதல்முறையாக அவள் உண்மையில் இழுத்தாள்.

தோற்றார்கள். ஒரு கை நீளத்தில். நடுவில் நின்ற பொருளாளரின் செருப்பு வழுக்கியது, பிறகு எல்லாம் போனது.

மணலில் மல்லாக்கக் கிடந்தபோது கேதீஸ்வரிக்கு மேலே வெறும் வானம் தெரிந்தது. இனி என்ன சொல்லப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டு கிடந்தாள். எதிர்பார்த்த மாதிரியே ஒரு குரல் வந்தது, பொருளாளரின் குரல்: "இவள் மெலியாம இருந்திருந்தா..."

"நீ வழுக்காம இருந்திருந்தா!" என்று கண்ணகை அவளை முடிக்க விடவில்லை. "ரெண்டாம் முறை தோத்தது என்ட பெட்சீட்டால. மூண்டாம் முறை தோத்தது உன்ட செருப்பால. இவள்ட கால் ஒரு விரல் அசைஞ்சதா? பாத்தனியா நீ?" பிறகு குனிந்து மச்சாளின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்தக் கையை மறுபடியும் நுள்ளிப் பார்த்தாள். "கல்லு மாதிரி இரிக்கி" என்று முணுமுணுத்தாள்.

அடுத்தது ஆண்கள். வாவிக்கரை இளைஞர் கழகத்தில் கயிற்றின் கடைசியில் நிற்கிறவன் போன மாதம் கட்டாருக்குப் போய்விட்டான். கழகத் தலைவர் சாமித்தம்பி பாரமான ஒரு ஆளைத் தேடிக் கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டினார். ஓடிய கண் ஓரிடத்தில் நின்றது. அங்கே ஜெயரூபன் சேர்ட் பொத்தான்கள் திணற, கடதாசிச் சுருளில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்றான்.

"ஜெயரூபன் அண்ணே! கச்சானைக் கீழ வச்சிட்டு இஞ்ச வாங்க."

ஜெயரூபன் தனக்குப் பின்னால் யாராவது வேறு ஜெயரூபன் நிற்கிறானா என்று திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எந்த விளையாட்டுக்கும் யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. ஆள் குறைந்தால்கூட ஆளில்லாமலே விளையாடுவார்கள். அவன் மிரண்டு போய் மனைவியைப் பார்த்தான். கேதீஸ்வரி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போய், கயிற்றை எடுத்து, தன் கையாலேயே அவனுடைய இடுப்பில் சுற்றினாள்.

"இழுக்கப் போகாதீங்க. சாய்ஞ்சா காணும். குதிக்கால ஊண்டுங்க. கண்ண மூடுங்க."

"கண்ண மூடி?"

"நண்டுக் குழம்ப நினைங்க."

அவன் நினைத்தான். கடைசிவரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. ஆண்கள் நேராக இரண்டு முறையும் வென்றார்கள். வென்றது தெரியாமல் அவன் இன்னும் சாய்ந்துகொண்டே நிற்க, பிள்ளைகள் கயிற்றை அவிழ்த்துத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். முடியாமல் இறக்கிவிட்டார்கள். கண்ணகை மைதானத்துக்குள் ஓடி வந்து, "என்ட நண்டு! என்ட நண்டு!" என்று குதித்தாள். மயில் பெட்சீட்டுக்குப் பிறகு நடந்த எதற்கும் ஆச்சரியப்பட யாருக்கும் தெம்பு இருக்கவில்லை.

விழா கழிந்த கிழமை மூவரும் ஆசுபத்திரிக்குப் போனார்கள். கண்ணகை இரத்தம் கொடுக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். அவளுக்கு எல்லையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. கேதீஸ்வரிக்கு நன்றாக இறங்கியிருந்தது. குளிசை தேவையில்லை, இப்படியே தொடருங்கள் என்று டொக்டர் சந்தோசமாகச் சொன்னாள். பிறகு அவளுடைய பார்வை, துணைக்கு வந்து கதிரை நிறைய இருந்தவனின்மேல் விழுந்தது.

"இவருக்கும் ஒருக்காப் பாப்பமே."

தாள் வந்தது. டொக்டர் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அண்ணா, உங்களுக்குச் சீனி கூடி வந்திரிக்கு."

ஜெயரூபன் கதிரையிலிருந்து பாதி எழும்பினான்.

"அது என்ட சீனி இல்ல டொக்டர்! இவள்ட சீனி. நான் இவளுக்காகத்தான் தின்ன!"

இப்போது விடிந்ததும் வாவிக் கரையில் மூவர் நடக்கிறார்கள். முன்னால் கேதீஸ்வரி. நடுவில் கண்ணகை, சந்தைக் கதை சொல்லிக்கொண்டு. பின்னால், புதுச் சப்பாத்துக் கடிக்கிறது, நாய் பார்க்கிறது, கொஞ்சம் நில்லுங்கள் என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு முறைப்பாட்டோடு ஜெயரூபன். கேதீஸ்வரி ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறாள். அவன் கிட்ட வரும்வரைக்கும் நின்று, கிட்ட வந்ததும் சிரித்துவிட்டு, மறுபடியும் விரைவாக நடக்கத் தொடங்கிவிடுகிறாள்.